உத்தியோகத்தை விட்டு வந்த அதிபர்

ஆண்டுதோறும் நோன்புப் பெருநாள் கழிந்த சில தினங்களில், அடியேன் வேலை பார்க்கும் ஸ்டேஷனின் சீட்டு ஜன்னலுக்கு ஒரு தனிக் கூட்டம் வந்து சேரும். பதினாறு பதினேழு வயதுப் பிள்ளைகள். வெள்ளைச் சட்டை, வெள்ளைத் தொப்பி, தோளில் ஒரு மூட்டை, கையில் ஒரு பெட்டி. எல்லோரும் ஒரே ஊரின் பெயரைத்தான் சொல்லுவார்கள்: காட்பாடி. மலையாளக் கரையிலிருந்து வருகிற வண்டியில் ஏறிக் கோயம்புத்தூர், ஈரோடு, சேலம், ஜோலார்பேட்டை என்று கடந்து காட்பாடியில் இறங்கினால், வேலூர் பக்கத்திலேயே இருக்கிறது. வேலூரில் பாக்கியாத்துஸ் ஸாலிஹாத் என்னும் அரபிக் கல்லூரி இருக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் ஷாஹ் அப்துல் வஹ்ஹாப் ஹஜ்ரத் அவர்கள் தம் வீட்டில் சில பிள்ளைகளை உட்கார்த்தி வைத்து ஓதிக் கொடுத்ததிலிருந்து வளர்ந்த கலாசாலை அது. அங்கே ஓதித் தேறியவர்கள் ‘பாகவி’ என்ற பட்டத்தைத் தம் பெயரோடு சேர்த்துக் கொள்ளுகிறார்கள். குர்ஆன் முழுவதையும் முதன்முதலில் தமிழில் பெயர்த்துத் தந்த அப்துல் ஹமீது அவர்களும் ஒரு பாகவியே.

அந்தப் பிள்ளைகளுக்குச் சீட்டுக் கொடுக்கும்போது என் மனத்தில் ஓர் எண்ணம் வராமற் போவதில்லை. இவர்கள் ஏழெட்டு ஆண்டுகள் ஓதி முடித்துத் திரும்பி வருவார்கள். எங்கேனும் ஒரு சிற்றூரின் பள்ளிவாசலில், சொற்பச் சம்பளத்தில், அதிகாலையில் எழுந்து ஊர்ப் பிள்ளைகளுக்கு ஓதிக் கொடுப்பார்கள். இவர்களுக்கு மேலே இருந்து பள்ளியை நடத்தப் போகிறவர் யார்? கூரைக்கு ஓடு வாங்குவதும், ஆசிரியருக்குச் சம்பளம் சேர்ப்பதும், பிள்ளை வராவிட்டால் வீட்டுக்குப் போய்க் கேட்பதும் யாருடைய வேலை?

இந்தக் கேள்வி எனக்கு வெறும் யோசனையன்று. சென்ற ஆண்டு எங்கள் பகுதி ஜமாஅத்துப் பெரியவர்கள் மூவர் என் வீட்டுத் திண்ணைக்கு வந்து, மதரஸாவின் காரியதரிசிப் பொறுப்பை ஏற்க வேண்டுமென்று கேட்டார்கள். “தம்பி, நீங்கள் கணக்குத் தெரிந்தவர், சர்க்கார் உத்தியோகஸ்தர் சொன்னால் நாலு பேர் கேட்பார்கள்” என்றார் அவர்களில் மூத்தவர். அப்போது உஸ்தாதுக்கு மூன்று மாதச் சம்பளம் பாக்கி. நானோ, “ஷிப்டு வேலை, அத்தா, இராத்திரி பகல் தெரியாத உத்தியோகம்” என்று சொல்லி, தேநீர் கொடுத்து அனுப்பி விட்டேன். அவர்கள் மறுபடியும் வரவில்லை. எங்கள் வேலந்தாவளம் எல்லை ஊர் என்பது நேயர்களுக்குத் தெரியும். சோதனைச் சாவடிக்கு அந்தப் பக்கம் கோயம்புத்தூர் ஜில்லா, இந்தப் பக்கம் பாலக்காடு. வீட்டில் தமிழ், பள்ளிக்கூடத்தில் மலையாளம், மதரஸாவில் அரபு என்று மூன்று எழுத்தையும் ஒரு குழந்தை ஒரே காலையில் சுமக்கிறது. சுமக்க வைக்கிறவர்கள் நாம். தாங்கிப் பிடிக்க ஆள் கேட்டால் நமக்கு ஷிப்டு வேலை!

இவ்வாறு மறுத்து அனுப்பிய சில வாரங்களுக்குப் பிறகுதான், இலங்கையிலிருந்து திரும்பி வந்து குடியேறிய ஒரு குடும்பத்தாரின் வீட்டிலே, கொழும்பு ஸாஹிராக் கல்லூரியின் வரலாற்றை அறியும் வாய்ப்புக் கிடைத்தது. அதன் பின்னர் தேடித் தேடிப் படித்தேன். படித்ததில் ஒரு பகுதியையேனும் நம் சங்கத்துக் குடும்பங்களுக்குச் சொல்ல வேண்டுமென்று தோன்றிற்று.

ஸாஹிராவின் வேர் கண்டியில் இருக்கிறது. 1838ஆம் ஆண்டு கண்டியிற் பிறந்த முகம்மது காசிம் சித்தி லெப்பை வழக்கறிஞர். தொழிலில் நல்ல பேர் எடுத்தவர். அதிலேயே இருந்திருந்தால் செல்வமாக வாழ்ந்து மறைந்திருப்பார். ஆனால் அவருக்கு ஒரு கவலை. அக்காலத்தில் ஆங்கிலக் கல்வி பெரும்பாலும் கிறிஸ்தவப் பாதிரிமாரின் பள்ளிகளிலே கிடைத்தது. மார்க்கத்தை இழந்து விடுவோம் என்ற அச்சத்தால் முஸ்லிம்கள் பிள்ளைகளை அங்கே அனுப்பவில்லை. அனுப்பாததினால் கல்வியே இல்லாமற் போயிற்று. இதே நெருக்கடியை யாழ்ப்பாணத்துச் சைவர்களுக்காக எதிர்கொண்டவர் ஆறுமுக நாவலர். 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். பௌத்தர்களுக்குக் கர்னல் ஆல்காட் வந்து சேர்ந்தார். 1886இல் ஆனந்தாக் கல்லூரி எழுந்தது. முஸ்லிம்களுக்குச் சித்தி லெப்பை.

அவர் முதலில் எடுத்த கருவி பத்திரிகை. 1882இல் ‘முஸ்லிம் நேசன்’ என்ற வாரப் பத்திரிகையைத் தொடங்கினார். பின்னர் 1885இல் ‘அஸன்பேயுடைய சரித்திரம்’ என்ற கதையை எழுதி வெளியிட்டார். தமிழில் நாவல் என்ற வடிவம் பிறந்து சில ஆண்டுகளே ஆகியிருந்த காலம் அது. இலங்கையில் எழுந்த முதல் தமிழ் நாவல் அதுவே என்பார்கள். கண்டியிலே பெண் பிள்ளைகளுக்கும் பள்ளி வைத்தார். இன்றைக்கும் பெண்ணைப் படிக்க வைப்பதா என்று இழுக்கிற வீடுகளை நான் அறிவேன். அந்த மனிதர் நூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் அதைச் செய்தார்.

1884இல் கொழும்பில் அவர் முயன்று வைத்த பள்ளி ஆதரவு இல்லாமல் தளர்ந்து போயிற்று. ஊருக்கு உழைக்கிறவன் பெறுகிற முதற் சன்மானம் பெரும்பாலும் இதுதான். அவர் மறுபடியும் கேட்டார். அச்சமயம் கொழும்பில் ஒரு பெரிய விருந்தாளி இருந்தார். எகிப்திலே 1882இல் அந்நிய ஆதிக்கத்தை எதிர்த்துப் போரிட்டுத் தோற்று, ஆங்கிலேயரால் நாடு கடத்தப்பட்டு, 1883 ஜனவரியில் இலங்கை வந்து சேர்ந்த ஒராபி பாஷா அவர். நாடிழந்து வந்த மனிதர், வந்த ஊரின் பிள்ளைகளுக்குப் பள்ளி வேண்டுமென்று துணை நின்றார் என்பதை நம்மைப் போன்ற குடிபெயர்ந்த குடும்பங்கள் சற்று நிதானித்து நினைக்க வேண்டும். இன்னொரு துணை வாப்பிச்சி மரைக்காயர். கொழும்பு நூதனசாலையைக் கட்டிக் கொடுத்த கட்டடக் கொந்தராத்துக்காரர். 1877இல் நூதனசாலை திறக்கப்பட்டபோது, உமக்கு என்ன வேண்டும் என்று கவர்னர் வில்லியம் கிரிகோரி கேட்க, வெள்ளிக்கிழமைகளில் நூதனசாலையை மூடி வைத்தால் போதும் என்று அவர் சொன்னதாகக் கொழும்பு மக்கள் சொல்லி வருகிறார்கள். பட்டமும் காணியும் கேட்கக்கூடிய வேளையில் ஜும்ஆவுக்கு மரியாதை கேட்ட மனிதர்!

ஒரு வக்கீல், ஒரு கைதியான தளபதி, ஒரு கொந்தராத்துக்காரர். மூவரில் ஒருவரேனும் தொழிலால் ஆசிரியர் அல்லர். மருதானைப் பள்ளிவாசல் வளவில் 1892 ஆகஸ்டு 22ஆம் தேதி மதரஸத்துஸ் ஸாஹிரா திறக்கப்பட்டது. ஆறு ஆண்டுகளுக்குள், 1898இல், சித்தி லெப்பை காலமானார். தாம் நட்டது மரமாவதை அவர் பார்க்கவில்லை.

அடுத்த இருபது ஆண்டுகளைச் சுருக்கமாகவே சொல்லலாம். பள்ளி இருந்தது, ஓங்கவில்லை. 1921இல் டி. பி. ஜாயா அதிபரானார். இலங்கையில் பள்ளித் தலைமை ஆசிரியரை அதிபர் என்றே வழங்குகிறார்கள். ஜாயா மலாய் இனத்தவர். பௌத்தர்களின் ஆனந்தாக் கல்லூரியில் ஆசிரியராக இருந்து பெயர் பெற்றவர். இருபத்தாறு ஆண்டுகள் ஸாஹிராவைத் தம் தோளில் சுமந்தார். கம்பளை, அளுத்கமை, புத்தளம் ஆகிய இடங்களில் கிளைப் பள்ளிகள் எழுந்தன. சட்டசபையிலும் அமர்ந்தார். 1947இல் மந்திரியானபோது பள்ளியை விட நேர்ந்தது. 1960இல் புனித யாத்திரை சென்ற இடத்தில், மதீனா நகரிலே காலமானார். ஒரு முஸ்லிமுக்கு இதைவிட விரும்பத்தக்க முடிவு வேறில்லை.

ஜாயா விட்டுச் சென்ற இடத்துக்கு வந்தவரைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன்.

ஏ. எம். ஏ. அஸீஸ் 1911 அக்டோபர் 4ஆம் தேதி யாழ்ப்பாணத்து வண்ணார்பண்ணையிற் பிறந்தார். நாவலர் பள்ளி வைத்த அதே வண்ணார்பண்ணை. பாலகனாகக் குர்ஆன் மதரஸாவில் ஓதினார். பின்னர் இராமகிருஷ்ண மிஷனைச் சேர்ந்த வைத்தீசுவர வித்தியாலயத்திலும் யாழ்ப்பாணம் இந்துக் கல்லூரியிலும் படித்தார். திருநீறு அணிந்த ஆசிரியர்களிடம் தமிழும் கணக்கும் கற்ற முஸ்லிம் பிள்ளை. அவருடைய தமிழ் அங்கே விளைந்தது. கொழும்புப் பல்கலைக் கல்லூரியில் சரித்திரம் படித்துச் சிறப்பாகத் தேறினார். மேற்படிப்புக்காகக் கேம்பிரிட்ஜ் சென்றார். 1935இல் இலங்கை சிவில் சர்வீஸில் தெரிவானார். அந்தச் சேவையில் நுழைந்த முதல் முஸ்லிம் அவரே.

சிவில் சர்வீஸ் என்றால் என்னவென்று நம் இளைஞர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. இந்தியாவில் ஐ.சி.எஸ். எப்படியோ அப்படி. ஒரு சமூகத்திலிருந்து முதல் ஆளாக அங்கே போய் உட்கார்ந்தவரை, அந்தச் சமூகம் தலையில் வைத்துக் கொண்டாடும். அவர் அங்கேயே ஓய்வு பெறும் வரை இருக்க வேண்டுமென்று விரும்பும்.

1942இல், யுத்த காலம். பர்மாவிலிருந்து அரிசி வருவது நின்று போயிற்று. உணவு விளைவிக்கும் அவசர வேலைக்காக அஸீஸ் கல்முனைக்கு உதவி அரசாங்க அதிபராக அனுப்பப்பட்டார். கல்முனை, கிழக்குக் கரையிலே வயல் சூழ்ந்த நாடு. முஸ்லிம்களும் தமிழரும் அடுத்தடுத்து வாழும் பிரதேசம். அங்கேதான் அவர் உழவுத் தொழில் செய்யும் ஏழை முஸ்லிம்களின் நிலையை நேரிற் கண்டார். மூளையுள்ள பிள்ளை, கொழும்புக்குப் போக வண்டிச் சத்தம் இல்லாமல் மாடு மேய்க்கிறது. அதே பகுதியிலுள்ள காரைதீவைச் சேர்ந்த சுவாமி விபுலானந்தரோடு அவருக்கு நெருங்கிய நட்பு உண்டாயிற்று. விபுலானந்தர் இராமகிருஷ்ண மிஷன் துறவி. அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் முதல் தமிழ்ப் பேராசிரியர். மட்டக்களப்புப் பக்கத்தில் பள்ளிகளைக் கட்டி எழுப்பியவர். அவர் பிறந்ததும் ஸாஹிரா பிறந்ததும் ஒரே 1892ஆம் ஆண்டில். ஒரு காவியுடைத் துறவியும் ஒரு முஸ்லிம் அதிகாரியும் கல்முனையில் உட்கார்ந்து எதைப் பேசியிருப்பார்கள் என்று நான் பல இரவுகளில் சீட்டு ஜன்னலுக்குப் பின்னால் கற்பனை செய்து பார்த்திருக்கிறேன். பிள்ளைகளைப் பற்றித்தான் பேசியிருப்பார்கள் என்பது என் எண்ணம்.

கல்முனையிலே ஒரு முஸ்லிம் கல்விச் சங்கத்தை அஸீஸ் அமைத்தார். 1945இல் இலங்கை முஸ்லிம் கல்விச் சகாய நிதி தோன்றிற்று. வசதியற்ற பிள்ளைகள் மேற்படிப்புப் படிக்கப் பணம் உதவுவது அதன் வேலை. பணக்காரரின் தயவை எதிர்பார்த்து ஒவ்வொரு பிள்ளையும் வாசல் வாசலாகப் போய் நிற்க வேண்டியதில்லை. விண்ணப்பம், பரிசீலனை, உதவி என்று ஒழுங்காக நடக்கிற ஓர் அமைப்பு. ஸகாத்தும் ஸதகாவும் நம்மவர்களிடம் குறைவில்லை. குறைவது கணக்குப் புத்தகந்தான். ஒரு சிவில் சர்வீஸ்காரரின் மூளை மார்க்கத்தின் தருமத்துக்கு ஒரு பேரேட்டைக் கொண்டு வந்து கொடுத்தது என்று சொன்னால் தவறாகாது.

1948. இலங்கை பிப்ரவரியில் சுதந்திரம் பெற்றது. புதிய நாட்டுக்கு உயர்ந்த அதிகாரிகள் தேவைப்பட்ட நேரம். அனுபவமுள்ளவர்களுக்கு மேலே மேலே படிகள் காத்திருந்தன. அந்த ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், முப்பத்தாறாம் வயதில், அஸீஸ் சிவில் சர்வீஸை இராஜினாமாச் செய்து ஸாஹிராவின் அதிபராகப் போய் அமர்ந்தார்.

நேயர்களே, இந்த வாக்கியத்தை நான் பலமுறை எழுதி எழுதிப் பார்த்தேன். இராஜினாமாக் கடிதம் என்பது எவ்வளவு சிறிய தாள் என்பதை உத்தியோகத்தில் இருப்பவன் அறிவான். அதில் கையெழுத்து இடுவது எவ்வளவு பெரிய காரியம் என்பதையும் அவனே அறிவான். பென்ஷன், குவார்ட்டர்ஸ், பிள்ளைகளின் படிப்பு, மனைவியின் முகம், மாமனாரின் சொல், எல்லாம் அந்தத் தாளின் மீது வந்து உட்காரும். கோபத்தில் இராஜினாமாச் செய்தவர்களை நான் கண்டிருக்கிறேன். வேறு நல்ல வேலைக்காகச் செய்தவர்களையும் கண்டிருக்கிறேன். ஒரு பள்ளிக்கூடத்துக்காக, மேலிருந்து கீழே இறங்குவதாக உலகம் நினைக்கக்கூடிய ஒரு படியை, நிதானமாக எடுத்து வைத்தவரைப் பற்றி அதற்கு முன் நான் கேள்விப்பட்டதில்லை. நாவலரும் பாதிரியார் பள்ளியில் பார்த்துக் கொண்டிருந்த வேலையை விட்டுத்தான் தம் பணிக்கு வந்தார். அது நடந்தது 1848இல். சரியாக நூறு ஆண்டுகளுக்கு முன்.

பதின்மூன்று ஆண்டுகள் அஸீஸ் ஸாஹிராவை நடத்தினார். பரீட்சைக்குப் பிள்ளைகளைத் தயாரிக்கிற இடமாக மட்டும் அதை அவர் கருதவில்லை. முஸ்லிம்களின் பண்பாடும் சிந்தனையும் செயலும் ஒளி வீசிப் பரவுகிற நடுவிடமாக ஆக வேண்டுமென்பது அவருடைய நோக்கம். 1950இல் அகில இலங்கை முஸ்லிம் வாலிபர் சங்கப் பேரவையை அமைத்தார். பள்ளியை விட்டுப் போன இளைஞனையும் விட்டு விடக் கூடாதென்ற எண்ணம் அதில் தெரிகிறது.

அவரை நம் தமிழ்க் குடும்பங்கள் அறிய வேண்டியதற்கு வேறொரு காரணமும் உண்டு. முஸ்லிம் கல்லூரி என்று வாயிற்கதவை அவர் சாத்தவில்லை. வடமராட்சிக் கரவெட்டியைச் சேர்ந்த சைவக் குடும்பத்துப் பிள்ளை ஒருவர் பல்கலைக்கழகப் புகுமுகப் படிப்புக்காக ஸாஹிராவுக்கு வந்து படித்தார். பிற்காலத்தில் அங்கேயே ஆசிரியராகவும் இருந்தார். அவரே பேராசிரியர் கார்த்திகேசு சிவத்தம்பி. இந்துக் கல்லூரி ஒரு முஸ்லிம் பிள்ளைக்குத் தமிழ் கொடுத்தது. அந்தப் பிள்ளை அதிபரான முஸ்லிம் கல்லூரி, தமிழுலகுக்கு ஒரு சிவத்தம்பியைத் தயாரித்துத் தந்தது. எல்லை ஊரில் இருந்து கொண்டு இதைப் படித்தபோது என் மனம் நிறைந்தது.

1952இல் அவர் செனட் சபையில் உறுப்பினரானார். பள்ளியின் அதிபர் அரசியல் மன்றத்தில் உட்காரலாமா என்பதில் எனக்குச் சற்றுச் சங்கடம் உண்டு; பள்ளிக்கு உரிய பொழுது அங்கே கொஞ்சமாவது போகத்தான் செய்யும். ஆயினும் 1956இல் சிங்களம் மட்டுமே அரச மொழி என்ற கொள்கையைத் தாம் சார்ந்திருந்த கட்சி ஏற்றபோது, அவர் அந்தக் கட்சியை விட்டு விலகினார். தமிழ் முஸ்லிம்களுக்கும் வீட்டு மொழி என்பதை அவர் விட்டுக் கொடுக்கவில்லை. இரண்டாவது இராஜினாமா என்று இதைச் சொல்லலாம். 1961இல் ஸாஹிராவிலிருந்து ஓய்வு பெற்றார். 1963இல் ‘இலங்கையில் இஸ்லாம்’ என்ற தமிழ் நூலை வெளியிட்டார். 1973 நவம்பர் 24ஆம் தேதி காலமானார். 1980இல் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகம், மறைந்த அவருக்கு இலக்கிய கலாநிதிப் பட்டம் அளித்தது. வண்ணார்பண்ணைப் பிள்ளைக்கு அவர் பிறந்த ஊரே மரியாதை செய்தது.

இம்மாதிரி மனிதர்கள் தமிழ்நாட்டிலும் இல்லாமற் போகவில்லை. திருச்சியில் 1951இல் எழுந்த ஜமால் முகம்மது கல்லூரிக்குப் பின்னால் ஜமால் முகம்மது சாகிபின் செல்வமும் காஜாமியான் ராவுத்தரின் நிலமும் இருக்கின்றன. வடக்கே, 1875இல் ஸர் ஸையத் அகமது கான் அலிகாரில் தொடங்கிய கல்லூரி பின்னர் பல்கலைக்கழகமே ஆயிற்று. பொருள் உள்ளவர் பொருளைக் கொடுத்தார். நிலம் உள்ளவர் நிலத்தைக் கொடுத்தார். அஸீஸிடம் இருந்தது உத்தியோகம், அதைக் கொடுத்தார்.

இனி வேலந்தாவளத்துக்குத் திரும்புகிறேன். நான் உத்தியோகத்தை விடவில்லை. விடப் போவதாகவும் இல்லை. எனக்கு அஸீஸின் நெஞ்சுரமும் இல்லை, என்னை நம்பி நான்கு வயிறுகளும் இருக்கின்றன. ஆனால் இந்தப் பெருநாள் கழிந்த மறு வெள்ளிக்கிழமை, தொழுகைக்குப் பின் மூத்தவரைத் தேடிப் போய், “அத்தா, அந்தக் கணக்குப் புத்தகத்தைக் கொடுங்கள்” என்று கேட்டேன். அவர் ஒன்றும் சொல்லவில்லை. வீட்டுக்குள் போய், துணியில் சுற்றி வைத்திருந்த நோட்டை எடுத்து வந்து கொடுத்தார். பாதிப் பக்கங்கள் தமிழில், மீதி மலையாளத்தில். கூட்டல் எங்கும் நேராக இல்லை. மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் உட்கார்ந்து சரி பார்த்தேன். சந்தா கொடுக்க வேண்டிய வீடுகளிற் பாதி இரண்டு ஆண்டாகக் கொடுக்கவில்லை. ஏன் கொடுக்கவில்லை என்று ஒருவரும் போய்க் கேட்கவுமில்லை. கேட்டபோது பெரும்பாலோர் கொடுத்தார்கள். உஸ்தாதுக்குப் பாக்கி தீர்ந்தது. அவர் பணத்தை எண்ணாமலே சட்டைப் பையில் வைத்துக் கொண்டு, மலையாள எழுத்துப் படிக்கத் திணறுகிற ஆறு தமிழ்ப் பிள்ளைகளின் பெயரைச் சொல்லி, இவர்களுக்கு மாலையில் யாராவது ஒரு மணி நேரம் பாடம் சொல்லிக் கொடுத்தால் நல்லது என்றார்.

அந்த ஆறு பிள்ளைகளில் நால்வர் நம் சங்கத்துக் குடும்பங்களைச் சேர்ந்தவர்கள். ஞாயிறு மாலை அஸருத் தொழுகைக்குப் பின் மதரஸாவின் கீழ்க்கூடம் திறந்திருக்கும். கணக்கும் மலையாளமும் சொல்லிக் கொடுக்கக் கூடிய இளைஞர்கள், எந்த மதத்தினராயினும், வரலாம். இப்போதைக்குக் கணக்கை நான் பார்த்துக் கொள்ளுகிறேன். மலையாளத்துக்குத்தான் ஆள் வேண்டும். கரும்பலகை ஒன்று வாங்கியாயிற்று.